மந்திரவாதிக்கு ஒரு கூட்டாளி: பமிலியரைத் தெரிவதிலிருந்து இழப்பதுவரை

"அண்ணா, என்ர ஆந்தை அவன்ர கண்ணைக் கொத்துது."

"ஆந்தையால கொத்தேலாது தம்பி."

"ஏன்? சொண்டு இருக்குத்தானே?"

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி, நான்காம் மாடி, ஞாயிறு பின்னேரம். டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் என்ற, மேசையில் கதை சொல்லித் தாயம் உருட்டி ஆடும் விளையாட்டு. தம்பிக்கு அது முதல் ஆட்டம். அவன் பாத்திரம் முதல் லெவல் விசார்ட், அதாவது மந்திரவாதி. கையில் இருந்த சொற்பப் பொன்னில் பத்தைச் செலவழித்து ஓர் ஆந்தையை அழைத்திருந்தான். கொப்பியில் அதை வடிவாகக் கீறி வண்ணமும் பூசியிருந்தான். அடுத்த சுற்றில் ஒரு கொப்ளின் அம்பு விட்டது. ஆந்தையின் உயிர்ப்புள்ளி, அதாவது ஹெச்.பி., ஒன்று. அவ்வளவுதான். திரும்ப அழைக்கக் கையில் காசு இல்லை. மிச்ச மூன்று மணித்தியாலமும் பெடியன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிழை அவனில் மட்டும் இல்லை. ஆட்டத்தை நடத்தும் டி.எம். நான். மேசையில் உட்காருமுன் ஆந்தையை அழைக்கும் அந்த மந்திரத்தை, அதாவது ஸ்பெல்லை, அவனோடு சேர்ந்து வாசித்திருக்க வேண்டும். அன்று நான் சொல்லாமல் விட்டவைதான் கீழே இருக்கின்றன. டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் ஐந்தாம் பதிப்பை வைத்து எழுதுகிறேன். மற்ற விளையாட்டுகளைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் வரும்.

மந்திரவாதி அழைத்து வைத்திருக்கும் பிராணி உருவ உதவியாளை ஆங்கிலத்தில் பமிலியர் என்பார்கள், எங்கள் மேசையில் கூட்டாளி என்போம். சில இடங்களில் அதைச் செல்லப்பிராணி என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. செல்லப்பிராணிக்கு நாம் வேலை கொடுப்பதில்லை. இது வேலைக்கு வந்தது. அந்த வேலை கண்ணின் வேலை. ஆயுதத்தின் வேலை இல்லை. இதை விளங்கிக்கொண்டால் மிச்சம் எல்லாம் இலகு.

படி 1: எந்தப் புத்தகம் என்று முதலில் கேளுங்கள்

ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. 2024இல் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். ஸ்பெல்லின் பெயர் இரண்டிலும் ஃபைண்ட் பமிலியர்தான், உள்ளே சில வரிகள் மாறியிருக்கின்றன. 2014 நூல் பதினைந்து உருவங்களைப் பட்டியலிடுகிறது. 2024 நூல் பதினொன்றைச் சொல்லிவிட்டு, சவால் எண் (பிராணியின் பலத்தைக் காட்டும் எண்) பூச்சியம் உள்ள வேறு எந்த விலங்கும் சரி என்கிறது. பழையதில் கூட்டாளியின் கண்ணால் பார்க்க, உங்கள் முறையில் செய்யும் முக்கிய செயலான ஓர் ஆக்‌ஷன் போகும். புதியதில் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் சண்டையின் நடுவே பெரிய வித்தியாசம்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று தயங்க வேண்டாம். அடிப்படை விதித்தொகுப்பான எஸ்.ஆர்.டி. 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தின்கீழ் இலவசமாக வெளிவந்தது. இந்த ஸ்பெல்லும் விலங்குகளின் எண்களும் அதில் உண்டு. தேவையான இரண்டு மூன்று பக்கத்தைக் கொமியூனிகேஷன் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்தால் போதும். நான் கீழே தரும் எண்கள் 2014 பதிப்பினுடையவை.

படி 2: உங்கள் பாத்திரத்துக்கு இது கிடைக்குமா?

பாத்திரங்களுக்கு விசார்ட், வார்லொக், ட்ரூயிட், ரேஞ்சர், பாலடின், கிளெரிக், ரோக் என்று வகுப்புகள் உண்டு. விசார்ட்டுக்கு முதல் லெவலிலேயே கிடைக்கும். வார்லொக்குக்குச் சங்கிலி ஒப்பந்தம் வழியாகக் கிடைக்கும், அதற்குப் பிறகு வருகிறேன். 2024 பதிப்பில் ட்ரூயிட்டும் இரண்டாம் லெவலில் தன் உருமாற்றச் சக்தியில் ஒரு தடவையைச் செலவழித்து அழைக்கலாம். மற்றவர்களுக்கு மேஜிக் இனிஷியேட் என்ற ஃபீட், அதாவது கூடுதல் திறன், இருக்கிறது.

ரேஞ்சரின் விலங்குத் துணையும், பாலடினின் தெய்வீகக் குதிரையும் வேறு சங்கதிகள். அவை சண்டை பிடிக்கும். "ரேஞ்சரின் ஓநாய் கடிக்கும்போது என் பூனை ஏன் கடிக்கக்கூடாது?" என்று யாராவது கேட்டால், இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

படி 3: தூபக்கால், தணல், சாம்பிராணி

இந்த இடத்தில் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்பெல்லுக்கு வேண்டியவை இவை: பத்துப் பொன் பெறுமதியான கரி, வாசனைத் தூபம், மூலிகைகள். எல்லாவற்றையும் ஒரு பித்தளைத் தணல்சட்டியில் போட்டு எரிக்க வேண்டும். வெளிநாட்டுப் பெடியள் அந்தத் தணல்சட்டி என்ன சாமான் என்று படம் தேடிப் பார்ப்பார்கள். எங்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வீடு முழுக்கக் கொண்டு திரியும் தூபக்கால்தான் அது. சிரட்டைக்கரித் தணல், மேலே ஒரு பிடி சாம்பிராணி, கொஞ்சம் வேப்பிலை. விவரிக்கச் சொன்னால் எங்கள் மேசையில் யாரும் திணறியதில்லை.

ஒருமுறை ஆர்வக்கோளாறில் நிஜமாகவே கொளுத்தினோம். மின்விசிறிக் காற்றில் புகை சுழன்று, நிலவரைபடத்தின் மேல் சாம்பல் விழுந்து, ஒரு காட்டுப் பகுதி முழுதும் கருகிப்போனது. அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இண்டைக்கு வெள்ளிக்கிழமையே?" என்றா. மணம் மட்டும் நல்லாயிருந்தது. மீண்டும் செய்வதாக இல்லை.

இனி விதி. ஸ்பெல்லைச் செய்து முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும். சடங்காகச் செய்தால் இன்னும் பத்து நிமிடம் கூடும், ஆனால் நாளுக்கு அளவாகக் கிடைக்கும் மந்திரத் தடவையான ஸ்பெல் ஸ்லொட் செலவாகாது. முதல் லெவல் விசார்ட்டுக்கு இருப்பதே இரண்டு ஸ்லொட்தான், ஆகவே எப்போதும் சடங்காகவே செய்யுங்கள். விசார்ட் அந்த ஸ்பெல்லை அன்று தயார் செய்திருக்கவும் தேவையில்லை. ஸ்பெல் புத்தகத்தில் எழுதியிருந்தால் போதும்.

எரித்த பொருள் திரும்பி வராது. தம்பிக்கு நடந்தது உங்களுக்கும் நடக்காமலிருக்க, ஊரை விட்டுப் புறப்படுமுன் குறைந்தது இரண்டு தடவைக்கான பொருளை வாங்கி மூட்டையில் வைத்திருங்கள். காட்டுக்குள் சாம்பிராணிக் கடை கிடையாது.

படி 4: உருவத்தைத் தெரிதல்

வழிகாட்டி எழுதுபவர்களில் அநேகர் ஆந்தை எடு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எண்களைப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆந்தை ஒரு சுற்றில் 60 அடி பறக்கும். இருட்டில் 120 அடிவரை பார்க்கும். ஃப்ளைபை என்ற குணம் இருப்பதால் எதிரியின் பக்கத்தில் போய்விட்டு விலகும்போது எதிரி இடையில் ஓர் அடி போட முடியாது. இந்த மூன்றும் ஒரே உடம்பில் வேறு எந்த உருவத்துக்கும் இல்லை.

ஆனால் எண்கள் சொல்லாத ஒன்று இருக்கிறது. வேவு பார்க்கப் போகும் பிராணியை யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. எங்கள் ஊர்களில் ஆந்தை கூரையில் குந்தி அலறினால் வீட்டுக்காரர் வெளியே வந்து கல்லெறிவார். பகலில் நிலைமை இன்னும் மோசம். ஒருநாள் காலை பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மதில் மரத்தில் ஆந்தை ஒன்று மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன். முதலில் ஒரு காகம் கத்தியது. ஐந்து நிமிடத்தில் இருபதாவது இருக்கும், சுற்றிச் சுற்றிக் கொத்த வந்தன. தெருவில் போனவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஆந்தை யாருடைய ஒற்றனாவது என்றால் அவன் பாடு அன்றோடு முடிந்தது.

ஆகவே நான் கேட்கச் சொல்வது ஒரே கேள்வி: உங்கள் கதை நடக்கும் இடத்தில் எந்தப் பிராணியை ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்?

கதை ஒரு துறைமுக நகரத்தில் நடந்தால் என் தெரிவு காகம். நூலில் உள்ளது ரேவன் என்ற பெரிய காக இனம். அது இலங்கையில் இல்லை. இங்கே இருப்பவை வீட்டுக் காகமும் அண்டங்காகமும்தான். ரேவனின் எண்களை அப்படியே எடுத்துக் காகம் என்று பெயர் வையுங்கள், எந்த டி.எம்.மும் மறுக்கமாட்டார். பறக்கும் வேகம் 50 அடி. கேட்ட எளிய ஒலிகளைப் போலி செய்யும், ஒரு குழந்தையின் அழுகையையோ ஒருவர் குசுகுசுப்பதையோகூட. கேட்பவர் அது போலி என்று கண்டுபிடிக்க உருட்டலில் 10 எடுத்தால் போதும் என்பதால் கெட்டிக்காரனை ஏமாற்றாது, அரைத்தூக்கக் காவலாளியை ஏமாற்றும். குரல் காட்டுவது காகத்துக்குப் பொருந்தவில்லை என்று உங்களுக்குத் தோன்றினால் மைனா என்று சொல்லுங்கள், எண்கள் அதேதான்.

காகத்தின் குறை இரவு. அதற்கு இருட்டில் பார்க்கும் கண் இல்லை. பாதாளக் குகைக்குள் காகத்தைக் கொண்டு போவது கறண்ட் போன வீட்டில் கண்ணாடியைத் தேடுவதுபோல. குகை, சுரங்கம், இரவுக் காடு என்று போகும் கதைக்கு ஆந்தையோ வௌவாலோதான்.

வௌவாலைப் பலர் குறைவாக மதிக்கிறார்கள். 60 அடிவரை கண்ணின்றியே உணரும் சக்தி அதற்கு உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் எதிரியை நீங்கள் அதன் புலன் வழியாகக் கண்டுபிடிக்கலாம். ஒரே நிபந்தனை, அதன் காது வேலை செய்ய வேண்டும். கொழும்பில் அந்தியில் வானத்தை மறைத்துக்கொண்டு போகும் பெரிய பழந்தின்னி வௌவாலை மனதில் வைத்து இதை விவரிக்காதீர்கள். அவை கண்ணாலும் மூக்காலும் வழி தேடுபவை. எதிரொலி கேட்டுப் பறப்பது பூச்சி தின்னும் சின்ன வௌவால்.

சிலந்தி என் இரண்டாவது விருப்பம். சுவரிலும் கூரையிலும் ஓடும், கதவிடுக்கால் நுழையும், ஒருவரின் சட்டைக் கொலருக்குள் ஒரு கூட்டம் முழுக்க இருந்துவிட்டு வரும். வேகம் 20 அடிதான். அவசரத்துக்கு உதவாது. பல்லி வேண்டுமென்றால் ஓணானுக்கும் பல்லிக்குமான லிசர்ட் எண்கள் இருக்கின்றன. பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கள் மேசையில் ஒருத்தியின் பல்லி "சொல்லும்"போதெல்லாம் கிராமத்து ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திசை பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் எத்தனையோ பொய்கள் தப்பியிருக்கின்றன. எந்த நூலிலும் இல்லாத சக்தி அது.

பூனை வீட்டுக்குள் நடக்கும் கதைக்கு நல்லது, மோப்பமும் பதுங்கலும் உண்டு. எலி மலிவான சிலந்தி. கீரிக்கும் அணிலுக்கும் வீசலின் எண்களை எடுக்கலாம். ஒக்டோபஸ் கடல் கதைக்கு மட்டும். தண்ணீருக்கு வெளியே அரை மணித்தியாலம் மூச்சடக்கும் என்பதால் ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு திரிவேன் என்று ஒருவன் அடம் பிடித்தான், திரிந்தான், வாளி ஊற்றுண்டது.

வெள்ளவத்தை வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த பெடியள் எல்லாருக்கும் ஓர் ஆசை இருக்கும்: கபரகொய்யா என்ற பெரிய நீருடும்பு. அந்த அளவுள்ள ஊர்வனவுக்கு நூலில் உள்ளது ராட்சதப் பல்லி, அதன் சவால் எண் கால். பூச்சியம் இல்லை. ஆகவே முடியாது. நானும் கேட்டுப் பார்த்தவன்தான்.

உருவம் எதுவானாலும் உள்ளே இருப்பது விலங்கு இல்லை, ஓர் ஆவி. வானுலகைச் சேர்ந்ததா, தேவதை உலகைச் சேர்ந்ததா, பாதாளத்தைச் சேர்ந்ததா என்று நீங்கள் தெரிய வேண்டும். ஆட்டத்தில் இதற்கு அரிதாகவே வேலை வரும். நடிப்பில் தினமும் வரும். பாதாளக் காகம் எஜமானின் கட்டளையைக் கேட்கும், ஆனால் சிரித்துக்கொண்டு கேட்கும்.

படி 5: தூரங்களை மனதில் பதித்தல்

கூட்டாளி 100 அடிக்குள் இருந்தால் மனதால் அதோடு கதைக்கலாம். எங்கள் அளவில் ஏறத்தாழ 30 மீற்றர். மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் வரும் நீளம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது. காலி வீதியில் நின்று பாருங்கள், அது ஒன்றும் பெரிய தூரமில்லை. கோட்டையை வேவு பார்க்க வேண்டுமானால் மந்திரவாதி மதிலடிவரை வந்தாக வேண்டும்.

100 அடிக்கு அப்பால் போக முடியாது என்று விதி எங்கும் சொல்லவில்லை. போகலாம். போனபின் நீங்கள் கதைக்கவும் முடியாது, அதன் கண்ணால் பார்க்கவும் முடியாது. சொன்ன வேலையைச் செய்துவிட்டுத் திரும்பி வந்து சொல்லும். எவ்வளவு வடிவாகச் சொல்லும் என்பது டி.எம்.மின் தீர்ப்பு. ஆந்தையின் அறிவு எண் இரண்டு. நான் ஆட்களின் எண்ணிக்கையை "ஒன்று, சில, கன பேர்" என்று மட்டும் சொல்லவிடுவேன். உடையின் நிறம், மணம், ஒளி இருந்ததா என்பதெல்லாம் துல்லியமாக வரும்.

அதன் கண்ணால் பார்க்கும்போது உங்கள் சொந்தக் கண்ணும் காதும் அடைந்துவிடும். உங்களுக்குப் பக்கத்தில் கத்தியோடு ஒருவன் வந்தாலும் தெரியாது. எனவே பார்ப்பதற்கு முன் யாராவது ஒருவரிடம், "என்னைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். எங்கள் கூட்டத்தில் அந்த வேலை கிளெரிக்குக்கு. ஆபத்தென்றால் தோளை இரண்டு தரம் தட்டுவார். தட்டுவதைக் காணமுடியாது, கேட்கமுடியாது, ஆனால் தொடுவது தெரியும். இந்த ஒழுங்கை ஆட்டத்தின் நடுவே கண்டுபிடித்தது பதினாறு வயதுப் பெடியன் ஒருவன். நான் அன்று எழும்பி நின்று கைதட்டினேன்.

படி 6: சண்டையில் என்ன செய்யலாம்

தாக்க முடியாது. இதைத் தம்பி கொப்பியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறான். வேறு ஆக்‌ஷன்கள் எல்லாம் செய்யலாம். அவற்றில் பெரியது உதவி. எதிரிக்கு ஐந்து அடிக்குள் போய் அவன் கவனத்தைக் கலைத்தால், அடுத்து அவனைத் தாக்கும் உங்கள் ஆளுக்கு அட்வான்டேஜ். அதாவது இருபது பக்கத் தாயத்தை இரண்டு தரம் உருட்டிப் பெரியதை எடுக்கலாம்.

கணக்குப் பார்ப்போம். எதிரியை அடிக்க 11 வேண்டுமென்றால் சாதாரணமாக நூற்றுக்கு 50 வாய்ப்பு. இரண்டு தரம் உருட்டினால் 75. பலமான எதிரி, 15 வேண்டுமென்றால் 30இலிருந்து 51 ஆகிறது. பத்துப் பொன்னுக்கு வாங்கிய ஒரு குருவி இதைச் சுற்றுக்குச் சுற்று தருகிறது. உங்கள் கூட்டத்தில் ரோக் இருந்தால் அவரோடு ஒப்பந்தம் போடுங்கள், அவரின் மறைவான தாக்குதலுக்கு அட்வான்டேஜ்தான் சாவி. கூட்டாளிக்குச் சொந்த இனிஷியேட்டிவ், அதாவது சண்டையில் தன் முறை வரும் வரிசை, உண்டு. அது ரோக்குக்கு முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், உதவி அதன் அடுத்த முறை தொடங்கும்வரை இருக்கும்.

ஆந்தையின் ஃப்ளைபை இங்கேதான் பொன்னாகிறது. வந்து, கலைத்து, உயரப் போய்விடும். காகம் இதே வேலையைச் செய்தால் விலகும்போது ஓர் அடி வாங்கும். ஹெச்.பி. ஒன்று. மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது வேலை தொடுகை ஸ்பெல். நீங்கள் தொட்டுச் செய்ய வேண்டிய ஸ்பெல்லை 100 அடிக்குள் இருக்கும் கூட்டாளி, மற்றவர் முறையிலும் செய்யக்கூடிய தன் ரியாக்‌ஷனைச் செலவழித்து உங்களுக்காகத் தொட்டுக் கொடுக்கும். மின்சாரப் பிடியை எதிரிக்குக் கொடுக்கலாம். தூரத்தில் அகப்பட்ட நண்பனை மறைந்துபோகச் செய்யலாம். கிளெரிக் ஒருவர் ஃபீட் எடுத்துக் கூட்டாளி வைத்திருந்தால், விழுந்து கிடப்பவனுக்குக் காயம் ஆற்றும் ஸ்பெல்லைக் காகம் கொண்டு போகும். எனக்குத் தெரிந்து இதைவிட அழகான காட்சி இந்த விளையாட்டில் குறைவு.

மூன்றாவது ஒரு குறுக்குவழி. ட்ராகன்ஸ் ப்ரெத் என்ற இரண்டாம் நிலை ஸ்பெல்லை ஆந்தைமேல் போட்டால் அது 15 அடிக் கூம்பாக நெருப்பு ஊதும், 3டி6 (ஆறு பக்கத் தாயம் மூன்று) சேதம். அது தாக்குதல் உருட்டல் இல்லாததால் விதிப்படி செல்லும். நான் அனுமதிக்கிறேன். ஆனால் ஒருதரம் நெருப்பு ஊதிய ஆந்தையை அடுத்த சுற்றில் எல்லா வில்லாளர்களும் தேடுவார்கள். அதற்குப் பிறகு என்னிடம் முறையிட வேண்டாம்.

படி 7: சட்டைப்பை உலகம்

ஓர் ஆக்‌ஷனில் கூட்டாளியை ஒரு தனி உலகத்துக்குள் அனுப்பலாம், இன்னோர் ஆக்‌ஷனில் 30 அடிக்குள் எந்த வெற்றிடத்திலும் திரும்ப வரவழைக்கலாம். பெரிய வெடிப்பு வரப்போகிறது என்று தெரிந்தால் முதலில் உள்ளே அனுப்புங்கள். தப்பும் உருட்டலில் வென்று பாதிச் சேதம் வாங்கினாலும் ஒரு ஹெச்.பி. ஆந்தை போய்விடும்.

விதியை ஊன்றி வாசித்தால் இன்னொன்று தெரியும். அந்த வெற்றிடத்தை நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. அப்படியென்றால் பூட்டிய கதவுக்கு அப்பால் வரவழைத்து உள்ளே என்ன என்று பார்க்கலாமா? பார்க்கலாம் என்பது என் கட்சி. சில டி.எம்.களுக்கு இது பிடிக்காது. முதல் பூட்டிய கதவு வருமுன் கேட்டுவிடுங்கள், கதவுக்கு முன்னால் நின்று வாதாடினால் அன்றைய ஆட்டம் நாசம். சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு மறையவைக்கலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். மறையும்போது சுமந்த சாமான் அந்த இடத்திலேயே விழும் என்று 2024 நூல் தெளிவாகவே சொல்லிவிட்டது.

படி 8: மேசையில் மற்றவர்களும் இருக்கிறார்கள்

கூட்டாளியால் வரும் உண்மையான சண்டை மேசைக்கு வெளியே. ஒருவர் காகத்தை அனுப்பி அறை அறையாக வேவு பார்ப்பார். மற்ற நாலு பேரும் றோல்ஸும் தேத்தண்ணியுமாக அரை மணித்தியாலம் இருப்பார்கள். பிறகு ஒருவர் போனை எடுப்பார். அதோடு அவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

நாங்கள் பழகிய வழி இது. வேவுக்குப் போகுமுன் எல்லாரும் சேர்ந்து மூன்று கேள்வி தீர்மானிப்போம்: எத்தனை காவலர், பின்வாசல் உண்டா, கைதி எங்கே. காகம் அந்த மூன்றுக்கும் பதிலோடு வரும். நான் ஒரே மூச்சில் விவரிப்பேன். ஒரேயோர் உருட்டல். நாலு நிமிடம். கூட்டாளியின் சண்டை முறையும் அப்படித்தான், மந்திரவாதியின் முறை வருமுன்பே என்ன செய்யப்போகிறது என்று சொல்லத் தயாராக இருக்க வேண்டும்.

அதன் குரலை யார் பேசுவது? நான் ஆட்டக்காரரையே பேசவிடுவேன், ஆனால் அவருக்குப் பக்கத்தில் இருப்பவரை. விசார்ட்டின் காகத்துக்கு ரோக் குரல் கொடுப்பார். தன் காகத்தோடு தானே கதைப்பதைவிட இது எவ்வளவோ மேல், சும்மா இருப்பவருக்கும் வேலை.

படி 9: இழப்பு

ஹெச்.பி. பூச்சியமானால் கூட்டாளி உடல்கூட மிஞ்சாமல் மறைந்துவிடும். மறுபடி சடங்கு செய்தால் வரும். அவ்வளவு மலிவு.

பழைய ஆட்டக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். 1978இல் வந்த முதல் பதிப்பு ஆட்டக்காரர் நூலில் இந்த ஸ்பெல்லுக்கு 100 பொன் பெறுமதியான தூபமும் மூலிகைகளும் வேண்டும். யார் வருவார் என்பதைத் தாயம் தீர்மானிக்கும். 20 பக்கத்தில் 16 முதல் மேலே விழுந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். வந்த கூட்டாளி செத்தால் அதன் ஹெச்.பி.யின் இரண்டு மடங்கை மந்திரவாதி நிரந்தரமாக இழப்பார். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் அனுபவப் புள்ளிகள் பறிபோகும், அடுத்த கூட்டாளிக்கு ஓர் ஆண்டும் ஒரு நாளும் காத்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துக்குத் திரும்ப எனக்கு ஆசையில்லை. ஆனால் மலிவான சாவு சலிப்பாகிவிடும் என்பதும் உண்மை. எங்கள் மேசையில் ஒரு தங்கச்சியின் காகத்துக்குப் பெயர் கறுப்பி. ஏழுதரம் செத்தது. ஏழுதரமும் அவள் பத்துப் பொன் எண்ணி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். எட்டாம் தரம் சடங்கு முடிந்தபோது நான், "கறுப்பி வருகுது. தோளிலை இருக்கேல்லை. கொஞ்சம் தள்ளி மதிலிலை இருக்குது" என்றேன். விதிப்படி திரும்பி வருவது அதே கூட்டாளி. அப்படியென்றால் அதற்கு ஏழு சாவும் நினைவிருக்கும். அவள் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் கன நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மூட்டையிலிருந்து சோறு எடுத்து மதிலில் வைப்பதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு கறுப்பி இரண்டு தரம்தான் செத்தது.

வார்லொக்காக இருந்தால்

சங்கிலி ஒப்பந்தம் எடுத்த வார்லொக்குக்கு இம்ப், குவாசிட் என்ற குட்டிப் பேய்கள், குட்டி ட்ராகன், ஸ்ப்ரைட் என்ற குட்டித் தேவதை போன்றவை வரும். இவை தாக்கும், ஆனால் வார்லொக் தன் தாக்குதலில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். இம்ப்பை எடுங்கள். விரும்பியபோது கண்ணுக்குத் தெரியாமல் போகும், எலியாகவும் காகமாகவும் சிலந்தியாகவும் மாறும், ஹெச்.பி. பத்து. ஆந்தையைப் பற்றி நான் சொன்ன எந்தக் குறையும் இதற்கு இல்லை. அதனாலேயே கொஞ்சம் சுவை குறைவு என்பேன்.

பாத்ஃபைண்டரில்

பாத்ஃபைண்டர் இதே வகையான இன்னொரு விளையாட்டு. 2019இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் கூட்டாளிக்கு உங்கள் ஒவ்வொரு லெவலுக்கும் ஐந்து ஹெச்.பி. உண்டு. பறப்பது, பேசுவது, இருட்டில் பார்ப்பது போன்ற திறன்களை ஒவ்வொரு நாள் காலையும் மாற்றித் தெரியலாம். விட்ச் வகுப்புக்கு ஸ்பெல் புத்தகமே கூட்டாளிதான், எல்லா மந்திரமும் அதற்குள் இருக்கும். அது செத்தால் அடுத்த நாள் காலைத் தயாரிப்பில் திரும்பி வந்துவிடும். நல்லவேளை.

வாகனம் அல்ல

எங்கள் பெடியள் அடிக்கடி கேட்பது: வைரவரின் நாய், சனீஸ்வரனின் காகம், பிள்ளையாரின் எலி, இவையெல்லாம் பமிலியர்தானே? இல்லை. வாகனம் எல்லார் கண்ணுக்கும் முன்னால், தேரில், மாலையோடு வரும். பமிலியர் என்ற எண்ணம் இங்கிலாந்தின் சூனியக்காரி வழக்குகளிலிருந்து வந்தது. 1566இல் செம்ஸ்ஃபோர்ட் வழக்கில் ஒரு புள்ளிப் பூனையைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள். அதன் பெயர் சாத்தான், கூலி ஒரு துளி இரத்தம், பின்னால் தேரையாக மாறியதாம். வாயில்லாப் பிராணி வளர்த்த ஏழைக் கிழவிகளைத் தூக்குமரத்துக்கு அனுப்பிய கதைகள் அவை. ஒளிவும் கூலியும் அந்த உறவின் மூலத்திலேயே இருக்கின்றன. உங்கள் கூட்டாளிக்கு என்ன கூலி என்று ஒரு வரி யோசித்து வையுங்கள், பிறகு கதைக்கு உதவும்.

கடைசி வேலை: அட்டை

தபாலட்டை அளவில் ஒரு கடதாசி வெட்டுங்கள். மேலே பெயர், உருவம், எந்த உலகத்து ஆவி. அடுத்த வரியில் வேகம், கவசம், பார்வை. காகத்துக்கு 50 அடி, 12, பகல் கண் மட்டும். அதன்கீழ் மூன்று எண்கள்: கதைக்க 100 அடி, வரவழைக்க 30 அடி, உதவ 5 அடி. பின்பக்கம் மிச்சமிருக்கும் சாம்பிராணி எத்தனை தடவைக்கு என்று கோடு போட்டு வாருங்கள். ஹெச்.பி.யை மட்டும் பென்சிலால் எழுதுங்கள். தம்பியின் இப்போதைய அட்டையில் அந்த இடம் அழித்து அழித்து ஓட்டையாகிவிட்டது.